துண்டு போட்டுப் பிடித்த ஊர்

கேள்வி: மகளும் மருமகனும் அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தில் சிமரோன் என்ற ஊரில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மொத்தமே சுமார் 2,000 பேர். ஆனால் அதைக் ‘கவுண்டி சீட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இத்தனூண்டு ஊருக்கு எதற்கு இந்தப் பட்டம்?
— ஒரு வாசகர், துறையூர்

பதில்: முதலில் அந்தச் ‘சீட்’டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, அதன் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்குப் பெயர்தான் கவுண்டி சீட். எங்கள் பிழைதிருத்துநருக்கு ஒரு சொல் வல்லின மெய்யில் முடிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ‘சீட்’ என்று எழுதிக் கொடுத்தால் ஒரு உகரத்தை ஒட்டிச் ‘சீட்டு’ ஆக்கிவிடுவார், கேட்டால் நன்னூலைக் காட்டுவார், நான் வாயை மூடிக்கொள்வேன். இப்படித்தான் சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் ‘கவுண்டி சீட்டு’ என்று அச்சாகி, மாதத் தவணை எவ்வளவு, தள்ளு எவ்வளவு போகும், நம்பிச் சேரலாமா என்று கேட்டு ஒருவர் கடிதம் போட்டார். பதில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், ஏனென்றால் சிமரோன் அந்த இடத்தைப் பிடித்த கதை சாட்சாத் ஏலச் சீட்டுக் கதைதான், என்ன, நடுவில் கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம்.

நாம் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோம் அல்லவா, 1880களில் கான்சாஸ் முழுக்க அதே வேலைதான் நடந்தது. ரயில் வந்துவிட்டது, புல்வெளியில் கயிறு பிடித்து அளந்து ஆளாளுக்கு ஊர் போட்டு மனை விற்றார்கள். எந்த ஊரில் கவுண்டி அலுவலகம் உட்காருகிறதோ அங்கே வக்கீல் வருவார், பாங்க் வரும், ஓட்டல் வரும், பத்திரம் பதிய வண்டி கட்டி வருகிற விவசாயி போகிறபோது உப்பும் ஆணியும் வாங்கிப் போவான். சட்ட அறிவிப்புகளை அச்சடிக்க ஒரு பத்திரிகைக்கும் பிழைப்பு உண்டு. (அரசு விளம்பரம் என்றதும் எங்கள் மேலாளர் நினைவுக்கு வருகிறார். வேண்டாம், பண்டிகை போனஸ் வரட்டும்.) இடம் கிடைக்காத ஊரின் மனையை எவன் வாங்குவான்?

சிமரோன் இருக்கிற கிரே கவுண்டி 1887-இல் அமைந்ததும், சீட் எந்த ஊருக்கு என்று மக்கள் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. சிமரோன் ஒரு துண்டைப் போட்டது. பக்கத்து ஊர் இங்கல்ஸ் இன்னொன்றைப் போட்டது. இங்கல்ஸ் பின்னால் இருந்தவர் அசா சோல். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்காரர், ஹாப் பிட்டர்ஸ் என்கிற சகலரோக நிவாரணியைப் பாட்டில் பாட்டிலாக விற்றுப் பணக்காரர் ஆனவர். கசப்பு மருந்து என்று பெயர், உள்ளே இருந்த சாராயத்துக்காகவே அதைக் குடித்தவர்கள் நிறைய. நம் பத்திரிகையின் பின்னட்டையில் வருகிற லேகிய விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி எத்தனை வருடமாகக் கத்துகிறேன், அதுவும் போகட்டும். அந்த மருந்துக் காசில் சோல் கான்சாஸில் சுமார் 150 கிலோமீட்டருக்கு ஒரு பாசனக் கால்வாய் வெட்டினார். மணல் பூமி, ஆற்றிலும் தண்ணீர் போதவில்லை, விட்டதையெல்லாம் தரை குடித்துவிட்டது. போட்டியில் இருந்த மூன்றாவது ஊரான மாண்டசூமாவுக்கு ஒரு ரயில் பாதையே போட்டுத் தந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓட்டுக்கு மூக்குத்தி கொடுத்தார்கள் என்று நாம் அங்கலாய்க்கிறோம்!

சிமரோன் மட்டும் யோக்கியமா? கவுண்டியில் ஓட்டுள்ள 72 பேர் சேர்ந்து சமமாகப் பங்கிடுவோர் சங்கம் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து ஒரு ரகசியச் சங்கம் நடத்தினார்கள். எவன் அதிகம் தருகிறானோ அவனுக்கு மொத்த ஓட்டும், பணம் சரிசமமாகப் பிரியும். சிமரோன் தரப்பு 10,000 டாலருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஓட்டு விழுந்த பிறகு பார்த்தால் பத்திரத்தில் இருந்த கையெழுத்துகள் போலி. சீட்டுக் கம்பெனி ஓடிப்போன கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஓட்டில் ஜெயித்தது எந்த ஊர் என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போக, 1889 ஜனவரி 12 அன்று இங்கல்ஸ் ஆட்கள் ஒரு வண்டியோடு சிமரோனுக்கு வந்தார்கள். டாட்ஜ் சிட்டியிலிருந்து கூலிக்கு வந்த துப்பாக்கிக்காரர்கள் கூட இருந்தார்கள், பில் டில்மன், ஜிம் மாஸ்டர்சன் போன்ற பேர்பெற்ற ஆட்கள். எதை எடுக்க வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கஜானாவை இல்லை, பதிவேடுகளை! பாதி வண்டியில் ஏறியபோது ஊர் விழித்துக்கொண்டது, சுட்டார்கள், சிமரோன்காரர் ஒருவர் செத்தார், பலருக்குக் காயம். வண்டி தப்பிவிட்டது, பதிவேடு இருந்த கட்டடத்தின் மாடியில் இருந்த இங்கல்ஸ் ஆட்கள் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

பட்டம் எதற்கு என்று கேட்டீர்களே, அது பட்டமே இல்லை. பதிவேடு எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் சீட். இன்னார் நிலம் இன்னாருடையது என்று எழுதிய புத்தகம் இருக்கிற அலமாரிக்காகத்தான் அத்தனை ரகளையும். இன்றைக்கும் பத்திரப் பதிவாளர், பொருளாளர், ஷெரிப் எல்லாரையும் அந்தக் கவுண்டியின் சில ஆயிரம் பேர்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் மகள் காருக்கு வரி கட்டப் போனால் கவுண்டரில் இருப்பவரின் முதலாளி அந்த ஊர்க்காரர்கள் ஓட்டில் வந்தவர். நம்மூரில் பட்டா மாற்றப் போய் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சோல் 1890-இல் செத்தார். 1893-இல் சீட் சிமரோனுக்கே வந்து சேர்ந்தது. இங்கல்ஸில் இப்போது 300 பேர்கூடத் தேற மாட்டார்கள், ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஊர் இருக்கிறது.

இதைப் படித்த பிழைதிருத்துநருக்கு இங்கல்ஸ் தோற்றதில் துளி வருத்தம் இல்லை. ‘ஸ்’ என்று முடிகிற ஊர் எப்படி உருப்படும் என்கிறார். சிமரோனில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. கான்சாஸை என்ன செய்வது என்று நான் இன்னும் கேட்கவில்லை.