மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தக்கசிவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 55 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாகக் கறை பட்டது, பிறகு நின்றுவிட்டது. பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை உள்சவ்வு 9 மி.மீ. தடிமன் இருக்கிறதாம். சதை எடுத்துப் பரிசோதிக்க இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கசிவுதான் நின்றுவிட்டதே, போகத்தான் வேண்டுமா? புற்றுநோயாக இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.
*– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

பதில்: கண்டிப்பாகப் போங்கள், சகோதரி. கடைசி மாதவிலக்கு வந்து 12 மாதம் கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும், பழுப்பாகக் கறை பட்டாலும் அதைச் சோதித்தே ஆக வேண்டும். நின்றுவிட்டது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கட்டியோ புற்றோ இருந்தாலும் ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும். உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர் குடித்து, அது தானாக நின்றதும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பி, ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பயத்துக்கு வருவோம். இப்படிக் கசிவோடு வருகிற பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. ஹார்மோன் குறைந்து உள்சவ்வும் பிறப்புறுப்புத் தோலும் மெலிந்து உலர்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்தபடியாக பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி, உள்சவ்வு தடித்துப்போவது. ஸ்கேனில் சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தாண்டினால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் 9 மி.மீ. அந்தச் சோதனை தேவை என்பதைத்தான் சொல்கிறது. சவ்வு தடித்தது ஏன் என்று ஸ்கேனில் தெரியாது, மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். இரண்டு வாரக் காத்திருப்பால் நோயின் போக்கு மாறிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அன்றைக்கு என்ன நடக்கும்? சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வளையும் பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக நுழைத்து, உறிஞ்சி, துளி சதை எடுப்பார்கள். குழாய் உள்ளே இருப்பது ஒரு நிமிடம்போல. மாதவிலக்கு வலி மாதிரி, சிலருக்கு அதைவிடச் சுள்ளென்று இழுக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். (மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் நேரத்திலிருந்து சாப்பிடக் கூடாது.) ஒரு மணி நேரம் முன்னால் ஐபுபுரோஃபன் 400 மி.கி. போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது, அவர்களுக்குப் பாராசிட்டமால். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாங்களாக நிறுத்த வேண்டாம். வலி பொறுக்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மயக்க மருந்து கொடுத்து, கேமரா குழாய் வைத்துப் பார்த்தே எடுக்க முடியும். வயதானவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கிக் குழாய் நுழையாமல் போவதும் உண்டு, அப்போதும் இதே வழிதான்.

பல இடங்களில் சதையை ஒரு சிறு பாட்டிலில் போட்டு உங்கள் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். உள்ளே இருப்பது சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனம். பாட்டில்மேல் பெயர், வயது, தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் சேர்க்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அன்றைக்கே லேபில் கொடுத்து ரசீதை வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதியில் வரும், அதை யாரிடம் காட்டுவது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டால், வீட்டில் உட்கார்ந்து தினம் தவிக்கும் தவிப்பில் பாதி குறையும்.

பிறகு ஓரிரு நாள் லேசாகக் கசியும். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இருந்தால் உடனே போங்கள். ரிப்போர்ட்டில் 'சதை போதவில்லை' என்று வந்தால் அதை 'ஒன்றும் இல்லை' என்று படித்துவிடாதீர்கள். சவ்வு மெல்லியதாக இருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதல்ல. உங்களைப்போல் 9 மி.மீ. உள்ளவர்களுக்குத் திரும்ப எடுத்தாக வேண்டும். நல்ல ரிப்போர்ட் வந்த பிறகும் கசிவு திரும்பினால் மறுபடி போங்கள், பாலிப் குழாயில் சிக்காமல் தப்பியிருக்கலாம்.

கேள்வி: 47 வயதாகிறது. ஒரு சமயம் இரண்டு மாதம் வருவதில்லை, வந்தால் பத்து நாள் கட்டி கட்டியாகப் போகிறது. நிற்கிற வயசில் இப்படித்தான் என்கிறார்கள். ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்காகத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டேன், நிறுத்தியதும் இன்னும் அதிகமாக வந்தது.
*– வாசகி, நெல்லிக்குப்பம்*

பதில்: நாள் தள்ளிப்போவது இந்த வயதில் சகஜம். 21 நாளுக்குள் திரும்ப வருவது, எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, இடையில் கறை படுவது, உறவுக்குப் பின் ரத்தம் வருவது இதெல்லாம் சகஜமல்ல. 45 வயதுக்கு மேல் இப்படி இருந்தால் சதைப் பரிசோதனையும் தேவைப்படும். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். சங்கடப்படாதீர்கள், மாதவிலக்கு முழுதாக நிற்கும்வரை கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன்.

தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வருவது அந்த மருந்தின் இயல்பு, சவ்வு தடித்திருந்தால் மொத்தமாகக் கொட்டும். காரணம் தெரியாமல் அதைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் நோய் மறைந்துகொள்ளும். ரத்தத்தை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்களுக்கு அது கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுக்க நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். டீ, காபிக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. உள்பாவாடையில் ரத்தம் பார்த்தேன். மூலம்தான் என்று சாதிக்கிறார், ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்று வர மறுக்கிறார்.
*– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

பதில்: வெள்ளைத் துணியோ பேடோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலம் கழிக்கும்போது மட்டும் ரத்தமா, சிறுநீரோடு வருகிறதா, சும்மா இருக்கையிலும் துணியில் படுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், எந்தப் பிரிவுக்குப் போவது என்பது இதில் தெளிவாகும். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேடு ஜிப்மர் மகப்பேறு–மகளிர் பிரிவும் இருக்கின்றன. பெண் மருத்துவர் வேண்டும் என்று சீட்டுப் போடும்போதே கேளுங்கள். யார் சோதித்தாலும் கூட ஒரு பெண் இருக்கச் சொல்லிக் கேட்கலாம். வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சவ்வின் தடிமன் சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் உள்வழி ஸ்கேன் தேவைப்படலாம் என்பதையும் அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். போன வருஷம் எடுத்த பாப் ஸ்மியர் நன்றாக இருந்ததே என்பாரானால், அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, உள்சவ்வுக்கு அல்ல.

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது, இதே பிரச்சினை. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று உறவினர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.
*– வாசகர், பண்ருட்டி*

பதில்: ரிப்போர்ட் வரும்வரை சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா. உள்ளே புற்று இருந்து, தெரியாமல் சாதாரண அறுவையாக முடித்துவிட்டால், நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்காமலே விட்டதாகிவிடும். இரண்டாம் முறை வயிற்றைத் திறக்க நேரலாம்.

சவ்வு தடித்திருக்கிறது, செல்களில் மாறுபாடு இல்லை என்று வந்தால் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ போதும். ஆறு மாதத்தில் மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள். மாறுபாடு இருக்கிறது என்று வந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்கள், அப்போது அது நியாயமான யோசனை. புற்றாகவே இருந்தாலும், கர்ப்பப்பையைத் தாண்டாத கட்டத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். முதலிலேயே ரத்தம் காட்டிக் கொடுத்துவிடுவதால் பலருக்கு அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வேறு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்பதாக இருந்தால் காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கண்ணாடித் தகடுகளையும், சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே அவர்களே மறுபடி பார்ப்பார்கள். பிளாக் மெழுகால் ஆனது. வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ விட்டுவிடாதீர்கள்.