'போஷ்' கப்பல் டிக்கெட்டில் பிறந்த சொல்லா?

கேள்வி: என் மகளுக்குப் பள்ளியில் ஆங்கில வினாடி வினா. 'போஷ்' (posh, ஆடம்பரமான என்று பொருள்) என்பது 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' (போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்) என்பதன் சுருக்கம் என்று டியூஷன் புத்தகத்தில் இருக்கிறது. அதையே படிக்கச் சொல்லவா?

பதில்: வேண்டாம் அம்மா. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்கத்திலும், திரும்பும்போது வலப்பக்கத்திலும் வெயில் குறைவு. வசதியானவர்கள் அந்த அறைகளைப் பிடித்தார்கள். பி அண்ட் ஓ என்ற கப்பல் கம்பெனி அவர்கள் டிக்கெட்டில் பி, ஓ, எஸ், எச் என்ற நாலு எழுத்தைக் குத்தியது. இதுதான் கதை. அப்படி முத்திரை விழுந்த டிக்கெட் ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை. கதை அச்சுக்கு வந்ததே 1930களில்தான். 1890இல் வந்த ஒரு கொச்சைச்சொல் அகராதியிலேயே, பகட்டாக உடுத்துபவன் என்ற பொருளில் இந்தச் சொல் இருக்கிறது.

ஐரோப்பாவில் வாழும் ரோமானி (ஜிப்சி) மக்கள் பேச்சில் 'போஷ்' என்றால் பாதி. அரைப் பென்னிக் காசுக்கு 'போஷ் ஹூரி' என்று பெயர். லண்டன் தெருப்பேச்சில் அது சில்லறைக்கு, பணத்துக்கு என்று நகர்ந்து, பணக்காரத் தோரணைக்கும் வந்திருக்கலாம். ரோமானி இந்தியாவிலிருந்து போன மொழி; இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் அதைத் தேட வேண்டிய இடம் இதுதான். ஆனாலும் இந்த வழி நிரூபணமாகவில்லை.

ஒரு பழைய சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து யாராவது விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. 'சொல் ரகசியம்' என்று புத்தகம் போட்டு விற்கும் டியூஷன் சென்டர்கள் இதைச் சொல்லாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அச்சடித்துக் காசு பார்க்கிறார்கள்.

'ஓகே மட்டும்?' என்று மகள் கேட்பாள். அது நிஜமாகவே சுருக்கம்தான். 1839 மார்ச் 23 அன்று ஒரு பாஸ்டன் பத்திரிகை, 'ஆல் கரெக்ட்' (எல்லாம் சரி) என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு 'oll korrect' என்று வைத்து, 'ஓ.கே.' என்று சுருக்கிப் போட்டது. அன்றைய விளையாட்டு அது. அப்படி வந்த மற்ற சுருக்கங்கள் மறைந்தன. மறு வருடத் தேர்தலில் அமெரிக்க அதிபர் வான் பியூரனுக்கு, அவர் ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர், ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கமே வைத்தார்கள். சொல் பிழைத்துக்கொண்டது. தேதியோடு அச்சுப் பிரதி இருப்பதால்தான் ஒத்துக்கொள்கிறோம்.

மகளை 'மூலம் உறுதியில்லை. ரோமானியாக இருக்கலாம்' என்று எழுதச் சொல்லுங்கள். திருத்துபவர் கையிலுள்ள விடைத்தாளில் கப்பல் கதைதான் இருக்கும் என்று பயமா? அச்சடித்த விடைத்தாளை வேதம் என்று பிடித்துக்கொண்டு, சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைப்பது நம் பள்ளிகளில் சகஜமாகிவிட்டது, கேட்கவும் ஆளில்லை. போட்டிக்கு முன்பே ஆக்ஸ்போர்டு அகராதிப் பக்கத்தை ஆசிரியரிடம் காட்டிப் பேசிவிடுங்கள்.