பேத்தியின் கால் ஆபரேஷனுக்கு அப்பா கையெழுத்துப் போட மறுத்தால்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். மகள் காலமான பிறகு 13 வயதுப் பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். அவள் நடந்தால் முட்டி இரண்டும் உரசும், பாதங்கள் விலகி நிற்கும். முட்டியின் உள்பக்கம் தகடு வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார் அரசு மருத்துவமனை டாக்டர். ஆனால் என் கையெழுத்து செல்லாதாம். ஜோகனஸ்பர்க்கில் இருக்கும் மருமகனோ, "இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன், கத்தி படக் கூடாது, அதுவும் மலிவுத் தகடாம்" என்கிறார். என்ன வழி?

பதில்: அம்மா, உங்கள் கையெழுத்து செல்லாது என்று அவர்கள் சொன்னது சரிதான். 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி, பிள்ளையை வளர்ப்பவர் மருந்து, சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். ஆபரேஷனுக்குத் தர முடியாது. 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஆபரேஷனின் நன்மையும் ஆபத்தும் புரிந்தால் சம்மதம் அவளுடையது. ஆனால் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கூட இருந்து உதவ வேண்டும். உங்கள் வீட்டில் இடிக்கிற இடம் இதுதான். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தாமே சம்மதம் தருவது உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உள்ளபோது மட்டும். அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மருமகன் மறுத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. மத நம்பிக்கையை மட்டும் காரணம் காட்டி ஒரு பெற்றோர் மறுக்க முடியாது. மருத்துவ உலகம் ஏற்ற மாற்று வழி இருப்பதாக அவர் காட்ட வேண்டும் என்கிறது அதே பிரிவின் 10-ஆம் உட்பிரிவு. வேண்டுதலோ எண்ணெய் தேய்ப்பதோ அப்படிப்பட்ட மாற்று ஆகாது. வேண்டுதலை அவர் தாராளமாக நிறைவேற்றட்டும், ஆபரேஷன் அதற்குக் குறுக்கே நிற்காது.

காரணமில்லாமல் மறுக்கும் பெற்றோருக்குப் பதிலாகச் சமூக மேம்பாட்டு அமைச்சர் சம்மதம் தரலாம் (7-ஆம் உட்பிரிவு). சிறுவர் நீதிமன்றமும் தரலாம் (9-ஆம் உட்பிரிவு). நீதிமன்றத்துக்கே போங்கள். ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டும் தன் எல்லைக்குள் சிறுவர் நீதிமன்றம்தான், சாட்ஸ்வர்த்திலும் அப்படியே. அங்கே சிறுவர் நீதிமன்ற கிளார்க்கைப் பாருங்கள். வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம்.

மனுவைத் தாங்கி நிற்பது டாக்டரின் கடிதம். "ஆபரேஷன் தேவை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்து எந்த மாஜிஸ்திரேட்டும் அவசரம் காட்ட மாட்டார். இந்தத் தகடு எலும்பை வெட்டுவதில்லை. முட்டிக்கு அருகே எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டின் உள்பக்கத்தை இரண்டு திருகாணியால் பிடித்து நிறுத்துகிறது. வெளிப்பக்கம் வளர வளர, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கால் நேராகிறது. பெண்பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டி அந்த வளர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பின் தொடை எலும்பை வெட்டி நேராக்குவதுதான் மிச்சம். செலவும் வலியும் படுக்கையும் பல மடங்கு. எனவே மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு வயது, நின்றபடி எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேயில் உள்ள கோணம், எந்த மாதத்துக்குப் பிறகு தகடு பலன் தராது என்பது, இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேத்திக்கு எல்லாம் புரிகிறது, அவள் சம்மதிக்கிறாள் என்றும் டாக்டர் எழுதட்டும். மருமகன் மறுத்த வாட்ஸ்அப் செய்தியை அச்செடுங்கள். போனில் மட்டும் சொல்லியிருந்தால் தேதியோடு எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட்டாகச் சத்தியம் செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மகளின் இறப்புச் சான்றிதழ், பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஐ.டி. நகல்களும் வேண்டும்.

மலிவுத் தகடு என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. இதற்கென்றே விற்கும் விலை உயர்ந்த தகடு செய்வதை, உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் தகட்டில் வெட்டிய இரண்டு துளைத் துண்டும் செய்யும். சட்டம் கேட்பது பிராண்டை அல்ல. வழிகள் என்ன, ஆபத்து என்ன, செலவு என்ன என்று டாக்டர் விளக்க வேண்டும் என்பதே 2003-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. பிள்ளை உடல் கனமாக இருந்தால் திருகாணி உடையுமா என்று அவரிடமே கேளுங்கள்.

பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. கால் நேரானதும் தகட்டை எடுத்தாக வேண்டும். அது இன்னொரு ஆபரேஷன், அதற்கும் சம்மதம் வேண்டும். நீதிமன்ற உத்தரவில் அது இல்லாவிட்டால் மறுபடி மருமகனிடம் போய் நிற்பீர்கள். அந்த இழுபறியில் கால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். ஆகவே "தகடு பொருத்தவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே பார்த்து உரிய நேரத்தில் அகற்றவும்" சம்மதம் வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். டாக்டர் குறித்த கடைசி மாதத்தை மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள்.