பக்கத்து வீட்டார் கீழ்த்தளத்தைத் தோண்டினால் என் சுவர் தாங்குமா?

கேள்வி: சௌகார்பேட்டையில் எங்கள் வீடு அறுபது ஆண்டுப் பழையது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். அவர்களுடைய கீழ்த்தளக் கிடங்கில் தலை இடிக்கிறது என்று தரையை இரண்டரை அடி இறக்கப் போகிறார்கள். "எங்க இடத்துலதானே தோண்டுறோம்" என்கிறார்கள். ஏழு ஆண்டுக்கு முன் நாங்கள் ஒரு மாடி கூடுதலாக எடுத்தோம். தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கடப்பாரை விழுவதற்கு முன்பே நீதிமன்றம் போக வேண்டும்.

முதலில் பத்திரத்தை எடுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'பொதுச்சுவர்' என்றோ 'பாதிச் சுவர் பாத்தியம்' என்றோ இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். சுவரும் அதன் அஸ்திவாரமும் இருவருக்கும் சொந்தம். உங்கள் சம்மதமில்லாமல் அதன் அடி மண்ணைப் பறிக்க முடியாது.

சுவர் உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்றால் அடுத்தவர் நிலத்தால் நமக்குக் கிடைக்கும் வசதியைக் காக்கும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்துக்குப் போக வேண்டும். அடுத்தவர் மண் உங்கள் கட்டடத்துக்கு இருபது ஆண்டு இடையூறின்றித் தாங்கலாக, அதாவது அதன் பாரத்தைத் தாங்கும் ஆதாரமாக, இருந்திருந்தால், 15ஆம் பிரிவின்படி அந்தத் தாங்கல் உங்கள் உரிமை. கட்டடத்தின் வயதைக் காட்டப் பழைய சொத்துவரி ரசீதுகளைத் தேடி வையுங்கள். சிக்கல் உங்கள் மாடிதான். இருபது ஆண்டுக் கணக்கு பழைய பாரத்துக்கே. புது மாடியின் எடைக்கு அது பொருந்தாது. அதை மனுவில் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைத்தான் எடுப்பார்; மறைத்தவருக்கு இடைக்காலத் தடை கிடைப்பது கஷ்டம்.

அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு, தாங்கலை எடுத்ததற்காக மட்டும் இழப்பீடு கேட்க விடாது. குறிப்பிடத்தக்க சேதம் நேர்ந்த பிறகே கேட்கலாம். 35ஆம் பிரிவு முன்கூட்டியே தடை தரும். ஆனால் அந்த வேலை நடந்தால் உங்கள் உரிமை கெட்டே தீரும் என்று காட்ட வேண்டும். 'பயமாக இருக்கிறது' என்பது போதாது, அளவு வேண்டும்.

இரண்டரை அடி உயரம் கூட வேண்டுமானால் வெட்டு இரண்டரை அடியோடு நிற்காது. நாலு அங்குல பிசிசி (கம்பி போடாத அடிக் கான்கிரீட்), நீர்க்கசிவுத் தடுப்பு, ஆறு அங்குலக் கான்கிரீட் என்று மூன்றரை அடியை நெருங்கும். பழைய செங்கல் அஸ்திவாரம் கிடங்குத் தரைக்குக் கீழே ஒன்றரை அடிதான் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடியில் இரண்டடி மண் வெறுமையாகிவிடும். முறையாகச் செய்தால், சுவரை மூன்று முதல் நான்கு அடி நீளத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொடுவார்கள். கூலியை மிச்சம் பிடிக்க முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டும்போதுதான் சுவர் இறங்குகிறது. மணல் மண்ணில் ஊற்று நீரை மோட்டார் வைத்து இறைத்தால் மணலும் கூடவே வந்து, கேடு இன்னும் சீக்கிரம் நேரும்.

அந்த அஸ்திவார ஆழத்தை உங்கள் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. எனவே வக்கீல் நோட்டீஸில் வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இரண்டையும் ஏழு நாளில் கேளுங்கள். வராவிட்டால் சிட்டி சிவில் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு வழக்கு, கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39இன் கீழ் இடைக்காலத் தடை மனு, ஆணை 26 விதி 9இன் கீழ் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) மனு. பொறியாளர் உதவியோடு கமிஷனர் கிடங்கின் சுவரோரம் சோதனைக் குழி போட்டு அளக்கும்படி கேளுங்கள். 'தோண்டவே கூடாது' என்பதைவிட 'அனுமதியும் முட்டுக்கொடுக்கும் திட்டமும் இல்லாமல் தோண்டக் கூடாது' என்று கேட்பது எளிதில் கிடைக்கும் என்பது என் கருத்து.

இணையாக மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் சிஎம்டிஏவிலும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நிலத்துக்கு அடியில் நடக்கும் பொறியியல் வேலையும் 'மேம்பாடு'தான். வெறும் மராமத்து என்று பக்கத்து வீட்டார் தட்டிக்கழிக்க முடியாது.

இன்றே ஏற்கெனவே உள்ள விரிசல்களை ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் அது உடையும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள், மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். பிறகு இழப்பீடு கேட்க வேண்டி வந்தால், மூன்று ஆண்டுக் காலவரம்பு தோண்டிய நாளிலிருந்து அல்ல, சேதம் நேர்ந்த நாளிலிருந்தே ஓடும்; அந்த நாளைக் காட்ட இந்தப் படங்கள் வேண்டும்.