வாசகர் கேள்வி பதில்: சட்டம் மாறிவிட்டது, உதவித்தொகை விதி மாறியதா?

கேள்வி: என் சின்ன மகள் எட்டாவது வரை ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்ட) சீட்டில் தனியார் பள்ளியிலும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலும் படித்தாள். இப்போது கல்லூரி முதலாம் ஆண்டு. தனியாரில் படித்ததால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் பணம் வராது, அதோடு பெரியவள் ஏற்கெனவே வாங்குவதால் ஒரு வீட்டில் இரண்டு பேருக்குக் கிடையாது என்றும் சொல்கிறார்கள்.
- வாசகி, பாலக்கோடு

பதில்: கிடைக்கும் அம்மா, இரண்டு பேருக்கும் கிடைக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதுதான் பொது நிபந்தனை. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் திட்டம் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைதான் துணைக்கு வருகிறது, அதற்கப்புறம் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளையை 'நீ தனியார் பள்ளி' என்று ஒதுக்கினால் அது அநியாயம் இல்லையா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் 2020 சட்டமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது.

ஒரு வீட்டில் ஒருவர் என்பது பழைய திருமண உதவித் திட்டத்தின் விதி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்தத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத்தான். 2022-இல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது இந்தப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள், வருமான வரம்பும் போயிற்று, 'ஒரு பெண்' என்பதும் போயிற்று, வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. பதினெட்டு முடியும் முன்பே கல்யாணப் பேச்சை எடுக்கும் வழக்கம் இன்னும் விட்டபாடில்லாத தருமபுரிப் பக்கத்தில், தாலிக்குக் கொடுத்த பணம் படிப்புக்குத் திரும்பியது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் பழைய விதியைச் சொல்லித் தட்டிக் கழிக்கிறார்களே என்று மனசு ஆறவில்லை.

டி.சி.யை மட்டும் நீட்டினால் தனியார் பள்ளி என்பதுதான் கண்ணில் படும். ஆர்.டி.இ. இடத்தில் படித்தவள் என்று அந்தப் பள்ளியில் தனியாக எழுதி வாங்கி, கல்லூரியில் இத்திட்டத்தைப் பார்க்கும் நோடல் அலுவலரிடம் கொடுங்கள். ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓசூர் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் தெலுங்கு வழியில் படித்தவள் நான். எனக்கு உண்டா?
- மாணவி, ஓசூர்

பதில்: இப்போதுள்ள விதிப்படி இல்லை. உதவிபெறும் பள்ளிகளுக்குத் திட்டத்தை நீட்டியபோது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு என்றே நீட்டினார்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் எந்த மொழி வழியானாலும் சிக்கல் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ, அந்தப் பெண்களும் இந்த மாநிலத்துப் பிள்ளைகள்தான். இந்த விதி திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, உங்கள் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள்.

கேள்வி: இப்படித் திருத்துவதற்குச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டுமா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். இதுபோன்ற உதவித்தொகைத் திட்டங்கள் பெரும்பாலும் அரசாணையில்தான் நிற்கின்றன, இன்னொரு அரசாணை போட்டால் முடிந்தது. 7.5 சதவீதம் போன்ற ஒதுக்கீட்டைத் தொட வேண்டுமானால்தான் சட்டத்திருத்தம்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்). மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டால் 'கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, லிஸ்ட்டில் இது இல்லை' என்று ஓர் அலுவலகத்தில் அனுப்பிவிட்டார்கள்.
- ஒரு தாய், அரூர்

பதில்: அந்த அலுவலர் மனசில் இருப்பது 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் லிஸ்ட், அதில் ஏழு வகைதான். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தாலசீமியா, சிக்கிள் செல் என்ற ரத்த நோய்கள் எல்லாம் உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் வந்தால், 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. உதவித்தொகை தருவதும், பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு போன்ற ஏற்பாடுகளைச் செய்வதும் அரசின் கடமை என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போதும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் இருக்கிறது.

முதலில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டு அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போங்கள். அட்டை கைக்கு வந்ததும் தருமபுரி கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மறுபடியும் வாய்ப்பேச்சாக 'இல்லை' என்றால் கிளம்பி வந்துவிடாதீர்கள் அம்மா, எந்த விதிப்படி இல்லை என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், பத்தாவது பரீட்சைக்கான சலுகைக்கும் இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், அதனால் இந்த வருடமே ஆரம்பித்துவிடுங்கள்.