மூன்று செயலிகள் இருந்தும் நேரம் போதவில்லை

கேள்வி: அலுவலக வேலையை விட்டபின், வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். ட்ரெல்லோ, டுடூயிஸ்ட், கூகுள் காலண்டர் மூன்றும் கைப்பேசியில் இருக்கின்றன. ஆனாலும் கெடு நெருங்கினால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதாகிறது. எனக்கு ஏற்ற செயலி எது?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, புதிதாக எதையும் தேட வேண்டாம், இருப்பதிலேயே ஒன்றைக் குறைத்துவிடுங்கள். 2011-இல் வெளிவந்த ட்ரெல்லோ, டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான கான்பான் முறையைப் போல, ஒரு பணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அட்டைகளால் காட்டுவது. பலர் கைமாற்றிச் செய்யும் பணிக்கு அது மிகவும் உதவும். தனியாளாக உழைக்கும் நீங்கள் ஒரே வேலையை அதிலும், செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் டுடூயிஸ்டிலும் எழுதினால், ஒன்றில் மாற்றிய தேதியை மற்றொன்றில் மாற்ற மறந்துவிடுவீர்கள்.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பட்டியலில் ‘அறுபது பக்க மெய்ப்பு’ என்பதும் ஒரு வரி, ‘இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும்’ என்பதும் ஒரு வரி; எதற்கு எத்தனை மணி நேரம் என்பது அங்கே தெரியாது. மணிக்கு எட்டுப் பக்கம் உங்கள் வேகம் என்றால், அந்த மெய்ப்புக்கு ஏழரை மணி நேரம் வேண்டும். கவனம் சிதறாமல் ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் மெய்ப்புப் பார்க்க முடியும் என்றால், காலண்டரில் மூன்று காலைப் பொழுதுகளை அதற்கென்றே அடைத்துவிடுங்கள். கெடுவை மட்டும் குறித்துவைத்தால், அதற்கு முந்தைய நாள்களெல்லாம் காலியாக இருப்பதாகவே திரையில் தெரியும்.

உங்கள் வேகத்தை ஊகித்து எழுதாதீர்கள். முன்பு இதே போன்ற வேலைகள் எவ்வளவு இழுத்தன என்பதை மறந்து குறைவாகவே கணக்கிடுவது மனித இயல்பு என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். ஆகவே, இரண்டு வாரங்களுக்கு டாகிள் போன்ற நேரக்கணக்குச் செயலி ஒன்றில், வேலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பொத்தானை அழுத்தி வாருங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம், பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாள் ஆகியவையும் காலண்டரில் இடம்பெறட்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமாக நான் கருதுவது, புதிய வேலைக்காகத் தொலைபேசி வரும் அந்த நொடி. “செஞ்சிடலாம் சார்” என்று உடனே சொல்லிவிடாமல், “பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் சொல்கிறேன்” என்று கேட்டுக்கொண்டு காலண்டரைத் திறங்கள். அடைக்க இடமில்லையென்றால், எந்த நாளில் முடியும் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருடன் வாரந்தோறும் இரவு 8.30 மணிக்குப் பேசுவேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் வழக்கம்போல் இணைந்தபோது அவர் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார். ஏன்?
– வாசகர், கோவை

பதில்: மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைப்பார்கள். அவருடைய காலை 10 மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30, கோடையில் 7.30. கூகுள் காலண்டரில் அந்தச் சந்திப்பைப் பதியும்போதே நேர மண்டலமாக நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்தால், நமக்கான நேரம் தானாகவே மாறிவிடும். லண்டன் வாடிக்கையாளர் என்றாலும் இதே வழிதான். அங்கே மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் வரும்.