மனைவிக்குத் தெரியாமல் மாத்திரை வாங்கலாமா?

கேள்வி கல்முனையிலிருந்து: திருமணமாகி ஆறு மாதமாகிறது. உறவின்போது விந்து மிக விரைவாக வெளியேறிவிடுகிறது. மனைவிக்குத் தெரியாமல் ஏதாவது மாத்திரை எடுக்கலாமா?

தம்பி, மட்டக்களப்பில் மருந்துக்கடை நடத்துகிறேன். கடை பூட்டும் நேரம் பார்த்து, பக்கத்தில் ஆள் இல்லாதபோது இதையே பலர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, இது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா என்றுதான்.

முதல் உறவிலிருந்தே ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் 1 நிமிடத்துக்குள் வெளியேறுகிறது, அடக்க முடியவில்லை, மனம் நொந்துபோகிறது என்றால் அது ஒரு வகை. மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற இரசாயனம் செயற்படும் விதத்துக்கு அதில் பங்கு உண்டு. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்தது என்று சுவரொட்டிகள் சொல்வது பொய். நன்றாக இருந்தவருக்கு இடையில் 3 நிமிடத்துக்கும் கீழே குறைந்தால், விறைப்புக் குறைவோ, தைரொயிட் அதிகமாகச் சுரப்பதோ, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் அழற்சியோ, மனப்பதற்றமோ காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மாத்திரை விழுங்கி என்ன பயன்?

எந்தக் குறையும் இல்லாமல் பயப்படுபவர்களும் வருகிறார்கள். ஐந்து நாடுகளில் நேரம் அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்பேருக்கு 5.4 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கைபேசியில் பார்க்கும் படங்களை அளவுகோலாக வைக்காதீர்கள்.

1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற வைத்தியர் எழுதிய ஒரு பயிற்சி இன்றும் சொல்லித்தரப்படுகிறது. உச்சம் நெருங்குவதற்குச் சற்று முன்னரே அசைவை நிறுத்துங்கள். உணர்ச்சி தணிந்ததும் மறுபடி தொடங்குங்கள். முதலில் கையால், பழகிய பிறகு உறவில். இதை மனைவிக்குத் தெரியாமல் செய்ய முடியாது. ஒளிக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான். நீங்கள் பேசாமல் திரும்பிப் படுத்தால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். சொல்லிவிடுங்கள் தம்பி.

ஆணுறையும் சிலருக்கு உதவும். மரக்கச்செய்யும் லிடோகெயின் களிம்பைப் பூசினால், உறவுக்கு முன் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு எடுக்கும் டபொக்சிடின் மாத்திரை இருக்கிறது. ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கும் மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம், தலைசுற்றி விழுந்தவர்களும் உண்டு. வைத்தியரின் துண்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. வயாகரா விறைப்புக் குறைவுக்கான மருந்து, இதற்கானதல்ல. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் பாவிப்பவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

கல்முனையில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வாருங்கள். அரசாங்க வைத்தியசாலை, பணம் கட்டத் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மனைவி சம்மதித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.